இஸ்தோப்புப் பிகோனியா: இலை எதனால் கெடுகிறது?

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் வீட்டுச் செடி வளர்ப்புப் புத்தகங்கள் பலவும் குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டுப் போட்டு அறைக் காற்று வறண்டுவிடும். அதனால்தான் அந்தப் புத்தகங்கள் மண்ணைக் காயவிடாதே, இலைக்கு நீர் தெளி, சட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வை என்று சொல்கின்றன. அதை அப்படியே எஹலியகொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ செய்தால், மே மாத மழை முடிவதற்குள் செடி அழுகிவிடும். நம் பக்கத்தில் பிகோனியா தண்ணீர் கிடைக்காமல் சாவது அபூர்வம். தண்ணீர் வடியாமல் சாவதுதான் வழக்கம்.

இலை கெட்டால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எக்கா, எலையெல்லாம் கருகுது. என்னா மருந்து அடிக்கிறது?" பதில் மருந்தில் தொடங்கக் கூடாது. "மொதல்ல டின்னைத் தூக்கிப் பாரு தங்கச்சி" என்பதுதான் சரியான பதில்.

இஸ்தோப்பில் பெரும்பாலும் மூன்று வகைதான் இருக்கும். சிறிய, வட்டமான, பளபளப்பான இலையோடு எந்நேரமும் பூத்துக்கொண்டிருக்கும் மெழுகுப் பிகோனியா ஒன்று. மூங்கில்போல் கணுக்கணுவாக நிமிர்ந்து, இலையில் வெள்ளிப் புள்ளி போட்டிருக்கும் கம்புப் பிகோனியா இன்னொன்று. மூன்றாவது, இலை அழகுக்காகவே வளர்க்கும் ரெக்ஸ். இது அசாம் மலைப் பக்கத்திலிருந்து 1850களில் ஐரோப்பாவின் நாற்றங்கால்களுக்குப் போய், அங்கிருந்து பல நிறங்களில் உலகம் சுற்றிய செடி. மெழுகு வகை எதையும் தாங்கும். ரெக்ஸ் எதையும் தாங்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கம்பு வகையில் தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கிழங்கிலிருந்து முளைத்து ரோசாப்பூப்போலப் பெரிய பூ விடும் வகையை நுவரெலியாக்காரரிடம் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இரத்தினபுரிச் சூட்டுக்கு அது சரிவராது.

மருந்துக்கு முன்னால்

செடி வைத்த டின்னைத் தூக்கிப் பார்ப்பது முதல் சோதனை. நன்றாக நீர் ஊற்றி, வடிந்து முடிந்த பிறகு ஒரு தடவை தூக்கி, அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிவிடுங்கள். அந்தக் கனம் பாதியாகக் குறைந்தால்தான் அடுத்த நீர். கண்ணை நம்பக் கூடாது. மேல்மண் வெளுத்துக் காய்ந்து கிடக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டால் அடியில் சேறாக இருக்கும்.

அடுத்து, கெட்டது எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவது இயற்கை. அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. அடி இலைகள் பல ஒரே சமயத்தில் மஞ்சளாகித் தொங்கினால் கோளாறு வேரில் இருக்கிறது. நுனிக் குருத்து சுருண்டு சிறுத்து வந்தால் பூச்சியையோ, வெளியிலிருந்து காற்றில் வந்த மருந்தையோ சந்தேகிக்கலாம். ஓரம் மட்டும் கருகினால் உரம், வெயில், வறட்சி மூன்றையும் யோசியுங்கள். நடு இலைகளில் அங்குமிங்கும் புள்ளி விழுந்தால் தொற்று.

பிறகு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பாருங்கள். பாதி நோய்கள் அடிப்பக்கத்தில்தான் முதலில் தெரியும். பக்கத்துச் சட்டிகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஒரு செடி மட்டும் கெட்டிருந்தால் அந்தச் சட்டியில் தவறு. வரிசையில் பாதிச் செடிகள் ஒரே நாளில் ஒரே மாதிரிக் கெட்டிருந்தால் அது நோய் இல்லை. வெயிலோ மருந்தோ பட்டிருக்கிறது. நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவ நாள் எடுக்கும்.

ஈர மண்ணில் வாடும் செடி

அதிகம் ஏமாற்றுவது இந்த அடையாளம்தான். இலை தொங்குகிறது, தண்டு சாய்கிறது. தாகம் என்று நினைத்து இன்னொரு கோப்பை ஊற்றுகிறோம். மண்ணோ ஏற்கெனவே ஈரம். மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு மூச்சு இல்லை. மூச்சில்லாத வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. இந்தச் சமயம் பார்த்துத்தான் பித்தியம் முதலிய அழுகல் கிருமிகள் உள்ளே நுழையும். மண்மட்டத்தில் தண்டு கறுத்துக் குழைந்திருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மேலே திடமாக இருக்கும் நுனியை வெட்டிப் புதிதாக வேர்பிடிக்க வைப்பதே வழி. தண்டு திடமாக இருந்தால் செடியைச் சட்டியோடு கவிழ்த்து எடுத்து, பழுப்பாகி வழுவழுக்கும் வேரைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேரோடு புது மண்ணில், முன்பைவிடச் சிறிய சட்டியில் வையுங்கள். பெரிய சட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து மறுபடி அழுக வைக்கும்.

இலங்கையின் காடுகளிலும் பிகோனியா உண்டு. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் 1849 முதல் இருந்த துவெய்ட்ஸின் பெயரைத் தாங்கிய பிகோனியா துவெய்ட்சி இந்தத் தீவுக்கே உரியது. காட்டுப் பிகோனியாக்கள் பலவும் நிழலான ஈரப் பாறையிலும் ஓடைக் கரையிலும் ஒட்டிக்கொண்டு வளரும். மேலே எந்நேரமும் ஈரக் காற்று, காலடியிலோ நீர் நிற்காமல் வழிந்தோடும் கல். சட்டியில் நாம் உண்டாக்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

தோட்டத்துச் சிவப்பு மண்ணைத் தனியாகச் சட்டியில் நிரப்பக் கூடாது. நாலு மழைக்குள் செங்கல்லாக இறுகிவிடும். தவறணையில் தேயிலைக் கன்றுக்கு எடுத்த மண் மீந்திருந்தாலும் அதுவும் தனியாகப் போதாது. தும்புத்தூள் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைக் குப்பை ஒரு பங்கு என்ற கலவை நம் பக்கத்துக்குப் பொருந்தும். கிளிசிரிடியா மரத்தடியில் கிடைக்கும் மக்கு மிகவும் நல்லது. தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். சாக்கில் போட்டுப் பீலியில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்து எடுங்கள். அடுப்புக் கரியைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து ஒரு கை சேர்த்தால் இன்னும் நல்லது. சாம்பலைச் சேர்க்காதீர்கள். பிகோனியாவுக்குச் சற்றுப் புளிப்பான மண் பிடிக்கும், சாம்பல் அதைக் கெடுக்கும்.

பால்மா டின்னோ பெயிண்ட் வாளியோ எதுவானாலும் அடியில் ஐந்தாறு ஓட்டை வேண்டும், சுண்டு விரல் நுழையும் அளவில். ஒரு ஆணித் துளை போதாது. வேர் அதை அடைத்துவிடும். மலையில் கான் வெட்டாமல் யாரும் தேயிலை நடுவதில்லை, சட்டிக்கும் அதே கணக்குத்தான். ஓட்டையுள்ள டின்னைத் தரையில் நேரே வைக்காமல் இரண்டு கல்லின்மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். தட்டில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. பி.எச்.ஐ. ஐயா லயத்துக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் பூச்சட்டித் தட்டைத்தான்.

மழை மாதங்களில் வருவது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. ஒக்டோபர், நவம்பரில் பின்நேர இடி மழை. சாரல் தென்மேற்கிலிருந்து அடிக்கும். இஸ்தோப்பு அந்தப் பக்கம் பார்த்திருந்தால் செடிகளைச் சுவரோரமாக உள்ளே தள்ளிவிடுங்கள். தகரக் கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டும் கோட்டில் ஒரு சட்டிகூட இருக்கக் கூடாது. அந்தச் சொட்டு மண்ணில் பட்டுத் தெறித்து இலையின் அடிப்பக்கம் போகிறது. நோயும் அதனோடு போகிறது.

இந்தக் காலத்தில் பயப்பட வேண்டியது பற்றீரியா இலைப்புள்ளி. இதைக் கிட்டத்தில் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. முதலில் இலையின் அடியில் குண்டூசித் தலை அளவுப் புள்ளி தெரியும். எண்ணெய் பட்ட காகிதம்போல அந்த இடம் மட்டும் வெளிச்சத்தில் கசிந்து தெரியும். நாலைந்து நாளில் புள்ளி பழுப்பாகும், சுற்றிலும் மஞ்சள் வளையம் போடும். பல புள்ளிகள் ஒன்றுசேர்ந்து இலை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கூம்பும். கடைசியில் இலை காம்போடு கழன்று விழும். சாந்தோமோனஸ் என்ற பற்றீரியாவின் வேலை இது. நீர்த்துளியிலும், வெட்டும் கத்தியிலும், ஈர இலையைத் தொட்ட கையிலும் பரவும். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை; செம்பு மருந்து பரவலைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். இரண்டொரு இலையில் மட்டும் இருந்தால் காய்ந்த நேரம் பார்த்து அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டுச் செடியைத் தனியே வையுங்கள். தண்டுக்கு இறங்கிவிட்டால் செடியை மண்ணோடு அகற்றுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அந்த ஒரு செடிக்காக வரிசை முழுவதையும் கொடுக்க வேண்டி வரும். அதிலிருந்து கம்பு வெட்டி அடுத்த லயத்துக்குக் கொடுப்பது இன்னும் பெரிய பிழை. வெளியே நல்லதாகத் தெரியும் கம்புக்குள்ளும் அது இருக்கும்.

சாம்பல் நிறப் பூசணம், அதாவது போட்ரைட்டிஸ், இதைவிடச் சாதுவானது. மெழுகுப் பிகோனியாவின் உதிர்ந்த பூ ஈர இலைமேல் ஒட்டிக் கிடக்கும். பூ அழுகும்போது அடியிலுள்ள இலையும் அழுகும். இலையைத் தட்டினால் பூசணம் தூசிபோலப் பறக்கும். உதிர்ந்த பூவைத் தினமும் பொறுக்கினாலே பாதி போய்விடும். நெருங்கிய இலைகளைக் கிள்ளி, சட்டிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டுக் காற்றோடச் செய்தால் மீதியும் போகும்.

இலையின் அடியில் சொரசொரப்பாக, தக்கைபோலச் சிறு கொப்புளங்கள் கண்டால் தேயிலையின் கொப்புள நோய் பிகோனியாவுக்குத் தொற்றிவிட்டது என்று சிலர் பதறுவார்கள். அந்த நோய் தேயிலையோடு நிற்கும், இது வேறு. மண்ணும் நனைந்து காற்றும் நனைந்திருக்கும் நாட்களில் வேர் உறிஞ்சிய நீரை இலை வெளியேற்ற முடியாமல் அதன் செல்கள் வெடித்து ஆறிய தழும்பு. தொற்றாது, மருந்தும் வேண்டாம். நீரைக் குறைத்தால் அடுத்த இலை சுத்தமாக வரும்.

ஓட்டை ஓட்டையாக இலை தின்னப்பட்டிருந்தால் இரவு டோர்ச் அடித்துப் பாருங்கள். நத்தை அகப்படும்.

வெயில் மாதங்களில் வருவது

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும். பகல் சூடு, இரவில் பனி. மாவு தூவியதுபோல இலையின் மேற்பக்கம் வெள்ளை படிவது இப்போதுதான். இது சாம்பல் நோய். கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டக்காரருக்கு இதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. இறப்பர் மரம் இலையுதிர்த்து, பெப்ரவரி, மார்ச்சில் புதுத் தளிர் விடும்போது அந்தத் தளிரை உதிர்க்கும் ஓயிடியம் இதன் உறவுக்காரப் பூஞ்சணம். இலங்கை இறப்பரில் அது 1925இல் காணப்பட்டது. கந்தகத் தூள் விசிறித்தான் அதை எதிர்த்தார்கள். ஆனால் இறப்பரின் பூஞ்சணம் பிகோனியாவுக்கு வராது, பிகோனியாவினது இறப்பருக்குப் போகாது.

மற்றப் பூஞ்சணங்கள் பலவற்றுக்கு இலையில் நீர் நிற்க வேண்டும்; சாம்பல் நோய்க்கு வேண்டாம். ஈரக் காற்று இருந்தால் காய்ந்த இலையிலும் முளைக்கும். மிதமான குளிர் இதற்குப் பிடிக்கும், கடும் சூடு பிடிக்காது. அதனால் இரத்தினபுரி நகரத்தை ஒட்டிய பள்ளத்தில் குறைவாகவும், 500 மீட்டருக்கு மேலேயுள்ள பலாங்கொடைத் தோட்டங்களில் கூடுதலாகவும் எதிர்பார்க்கலாம். முதல் வெள்ளைப் பொட்டைக் கண்டதுமே அந்த இலையைக் கிள்ளுங்கள். பிறகு ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் சில துளி சவர்க்கார நீரும் கலந்து, வாரம் ஒரு முறை காலையில் தெளிக்கலாம். பாலும் வேலை செய்யும்: பிரேசிலில் பூசணிக் குடும்பச் செடிகளில் செய்த ஆய்வு 1999இல் வெளியானபோது, ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் என்ற அளவு சாம்பல் நோயை நன்றாகக் கட்டுப்படுத்தியது தெரிந்தது. கொஞ்சம் நாறும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எதைத் தெளித்தாலும் முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். ரெக்ஸின் மயிர் இலை சவர்க்காரத்துக்கும் எண்ணெய்க்கும் கருகக்கூடியது.

வெயில் சுட்ட தழும்பை நோயிலிருந்து பிரித்தறிவது சுலபம். வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும், காய்ந்த காகிதம்போல வெளிறிய திட்டாக இருக்கும், மஞ்சள் வளையம் இருக்காது, பரவாது. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு பார்த்த இஸ்தோப்புக்குள் வெயில் ஆழமாக நுழையும். ஜூன் மாதத்தில் நிழலாயிருந்த அதே இடம் தைப்பொங்கல் சமயம் சுட்டெரிக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது தகரக் கூரையின் சூடே போதும், கூரைக்குக் கிட்டத் தொங்கவிட்ட சட்டிகளைக் கருக்க. செடியை ஆண்டு முழுவதும் ஒரே ஆணியில் மாட்டி வைப்பது சரியில்லை.

குருத்து இலை விறைத்து, ஓரம் உள்ளே மடிந்து, செம்பழுப்பு மினுக்கத்தோடு நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் வேலை. தவறணையில் தேயிலைக் கன்றின் கொழுந்தைக் கெடுக்கும் மஞ்சள் சிற்றுண்ணியும் இதே இனம்தான். ஆகவே தவறணை வேலைக்குப் போய் வந்த கையோடு செடியைத் தடவாதீர்கள். பாதித்த குருத்தை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகத்தைப் பொதியில் சொன்ன அளவில் மாலையில் தெளிக்கலாம். உச்சி வெயிலில் கந்தகம் இலையைச் சுடும். எண்ணெய் தெளித்த செடிக்கும் அது ஆகாது. இலைக் காம்பின் இடுக்கில் பஞ்சுபோல ஒட்டும் மாவுப்பூச்சிக்கு இவ்வளவு தேவையில்லை. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுங்கள். எறும்பு வரிசை சட்டியில் ஏறினால் மாவுப்பூச்சி எங்கோ இருக்கிறது என்று தேடுங்கள். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கிறது.

மலையிலிருந்து வருவது

தேயிலைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி எடுத்து வந்து சட்டியில் போடுவது பரவலான பழக்கம். மலையில் வேர் ஓடும் ஒரு முழு மரத்துக்குக் கணக்கிட்ட உரம் அது. டின்னுக்குள் அடைபட்ட மெல்லிய வேரை அது சுட்டுவிடும். இலை ஓரம் சுற்றிலும் பழுப்பாகக் கருகும். நடந்துவிட்டால் உரத்தைக் கையால் பொறுக்கி எடுத்து, சட்டி வழியே நிறைய நீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். நன்றாக வடியும் சட்டியில்தான் இது பலிக்கும்.

புல்லுக்கு மருந்து அடிக்கும் நாளில் காற்று லயத்துப் பக்கம் வீசினால், அடுத்து வரும் குருத்துகள் முறுக்கிக்கொண்டு நாராக வரும், அல்லது இலைகளில் ஒரே நாளில் வெளிறிய திட்டுகள் விழும். பிரட்டில் அன்றைக்கு எந்த மலைக்கு மருந்து என்று சொல்லும்போதே வீட்டுக்குத் தகவல் சொல்லி, சட்டிகளை உள்ளே எடுக்கச் செய்யலாம். கெட்ட குருத்தைக் கிள்ளிவிட்டுக் காத்திருங்கள். தண்டு பச்சையாக இருந்தால் பல செடிகள் மீளும்.

தோட்டத்து மருந்தை மட்டும் வீட்டுச் செடிக்கென்று கொண்டுவர வேண்டாம். சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்த மருந்து பிள்ளைகளின் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. என்ன நோய் என்றே பிடிபடாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். மருந்தில் மட்டுமல்ல, செடியிலும் கவனம் வேண்டும்: பிகோனியா இலையிலும் கிழங்கிலும் ஒக்சலேற்று இருக்கிறது. கடித்தால் வாய் எரியும். தவழும் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வீட்டுக்குள்ளிருந்தே வரும் கெடுதல் விறகடுப்புப் புகை. காம்பராவுக்குள் அடுப்புக்குக் கிட்ட வைத்த செடியின் இலையில் கரி படிந்து வெளிச்சத்தை மறைக்கும். பளபளப்பான இலையை ஈரத் துணியால் துடைக்கலாம். ரெக்ஸின் இலையைத் துடைத்தால் மயிர் உடைந்துபோகும். உலர்ந்த மெல்லிய பெயிண்ட் தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

நல்ல நாளில் ஒரு கன்று

மழை மாதம் எந்தச் செடியைக் கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. ஆகவே பெப்ரவரியில், செடி சுத்தமாக இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கம்பு வகைக்கு மூன்று கணு நீளத் துண்டு போதும்; அடிக் கணு மண்ணுக்குள் போக வேண்டும். ரெக்ஸுக்கு இலையே விதை. முற்றியும் கிழடாகாத ஒரு இலையை எடுத்து, அடிப்பக்கத்துப் பெரிய நரம்புகளைச் சவரக் கத்தியால் நாலைந்து இடத்தில் குறுக்கே கீறுங்கள். கீறிய பக்கம் அலசிய ஈர மணலில் படும்படி வைத்து, எழும்பாமல் ஈர்க்குத் துண்டுகளால் குத்திவிடுங்கள். மேலே ஓட்டை போட்ட பொலித்தீன் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் ஒவ்வொரு கீறலிலிருந்தும் குட்டிச் செடி எட்டிப் பார்க்கும். தாய் இலை அதுவரை அழுகாமல் இருக்க வேண்டுமென்றால் பொலித்தீனின் உட்புறம் வியர்க்கும் நாட்களில் காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். குட்டியில் பெருவிரல் நகம் அளவு இரண்டு இலை வந்த பிறகு தனி டின்னுக்கு மாற்றலாம். அதுவரை உரம் வேண்டாம்.